காப்பு அவிழ்க்காத ஊர்

கண்ணு,

பூங்கொடியின் வலது கையில் மோதிர விரல் பிழைத்துவிட்டது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போனது போனதுதான். சொன்னவர் சேலத்தில் அவளுக்கு அறுவை செய்த டாக்டர். இன்று காலை வார்டுக்கு வந்தபோது அவளுடைய அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மோதிர விரலின் நுனியை அழுத்தி விடுவித்தார். வெளுத்த இடம் மெதுவாகச் சிவந்தது. "ரத்தம் ஓடுதும்மா, இது நிக்கும்" என்றார். மற்ற இரண்டைப் பற்றி அந்த அம்மா கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தார். இதை முதலில் உனக்குத்தான் சொல்ல நினைத்தேன். ஓசூருக்குப் போனதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. "இனிமே யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்க மாட்டேன்ப்பா" என்று நீ அனுப்பிய ஒரு வரிக்கு மேல் உன்னிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உறையில் போட்டு அனுப்பாமல் பத்திரிகையில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. நடந்ததைப் பற்றி இதுவரை அச்சில் வந்தது ஒரே ஒரு சிறு பத்தி. "கொல்லிமலை மாணவி கை சிதைந்தது, ஆசிரியை அலட்சியம்" என்று தலைப்பு. எழுதிய நிருபர் எனக்குத் தெரிந்தவர்தான். "அண்ணா, ஸ்டேஷன்ல சொன்னதத்தான் போட்டேனுங்க. உங்க பொண்ணுன்னு தெரியாதுங்க" என்றார். தெரிந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று கேட்டேன். விரிவாக எழுதித் தரும்படி என் பத்திரிகை ஆசிரியர் கேட்டபோது மறுத்தேன். தகப்பன் எழுதும் செய்தியை யார் நம்புவார்கள்? கடிதமென்றால் தகப்பன் எழுதலாம். அதற்கும் அந்தப் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டேன். சின்னப் பெண், பெயரை மாற்றித்தான் போடவேண்டும் என்றேன். "அப்ப பூங்கொடின்னு போடுங்கய்யா. எங்கூட்டுல வெச்ச பேரு எனக்குப் புடிக்காதுங்க" என்றாள். யாரென்று உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்கு அவள் பூங்கொடி.

உனக்குத் தெரிந்த சிலவற்றை அவர்களுக்காக இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. மலைப் பள்ளியில் நீ நடத்துவது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்பிரிவு. வாரத்தின் முற்பகுதியில் வகுப்பு: அளவு, வரைபடம், உலோகத்தின் குணம், பாதுகாப்பு விதி. பிற்பகுதியில் கீழே நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையில் கைவேலை. படிப்பு முடியும்போது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழும் தொழில் சான்றிதழும் சேர்ந்து கிடைக்கும். இரண்டில் எதில் நாள் குறைந்தாலும் இரண்டும் இல்லை. மலைப் பிள்ளைகளுக்கு வகுப்பில் நாள் குறைவதில்லை, பட்டறையில்தான் குறையும். மிளகு பறிப்பு வந்தால் ஊரில் கை வேண்டும், மழை பிடித்தால் பஸ் ஏறாது, கோயில் திருவிழாவான நோம்பியைச் சாட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக்கூடாது. ஒவ்வொரு வருடமும் நன்றாக வேலை கற்ற பிள்ளைகள் இப்படியே வெறுங்கையோடு நின்றுபோனதை நீ சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

நீயும் அந்தப் பிரிவில் படித்தவள்தான். பத்தாம் வகுப்பில் உனக்கு வந்த மார்க்குக்கு எந்தப் பிரிவும் கிடைத்திருக்கும். நீ அரத்தையும் சுத்தியலையும் கேட்டாய். உன் அம்மா செம்மேட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள், அவளுடைய ஆட்கள் சேந்தமங்கலத்திலிருந்து ஏறி வந்து, "ஏனுங்க, புள்ளைய லாரிப் பட்டறைக்கு வுடறதுக்கா மலையேத்திப் படிக்க வெச்சீங்க?" என்று கேட்டார்கள். உன் அம்மா, "நான் ஊசி போடறது மட்டும் என்னவாம், அதுவும் கைவேலதான்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள். முதல் முறை நீ பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரும்புத் துண்டு இன்றும் என் மேசையில் இருக்கிறது. நான்கு பக்கமும் சரியான சதுரம். நடுவில் போட்ட துளை மட்டும் ஓரமாக விலகியிருக்கும். துளைக்கு முன் புள்ளி குத்தும் பஞ்ச் சறுக்கிவிட்டது என்றாய். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இந்தக் கடிதத்தின் மேலும் இப்போது அதுதான் உட்கார்ந்திருக்கிறது.

இனி நடந்தது. கொல்லிமலையின் குண்டூர் நாட்டில் பூங்கொடியின் ஊரில் இந்த மாசியில் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டினார்கள். வீட்டுக்கு ஒருவர் என்று காப்புக் கட்டினார்கள். மஞ்சள் நூலில் மஞ்சள் கிழங்கைக் கோத்து மணிக்கட்டில் கட்டுவது. நோம்பி முடியும் மஞ்சள் நீராட்டன்று கோயில் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். அவள் வீட்டில் அம்மாவும் கட்டிக்கொண்டாள், நேர்ந்துகொண்டதால் பூங்கொடியும் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பட்டறையில் இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. அதை விட்டால் பரீட்சை எழுத முடியாது. நீ அந்த ஊருக்குப் போய் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்த்தாய். அவர் என்ன சொன்னார் என்பதை நேற்று அவரிடமே கேட்டேன். "உங்க மக வந்து, 'சாமி குத்தம் ஆவாம நான் கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வாரேனுங்க'ன்னு நின்னுச்சு. நான் என்ன பண்ணட்டும்? மொத பஸ்ல போயி கடைசி பஸ்ல வந்துரணும், கீழ படுக்கக்கூடாதுன்னு சொல்லித்தான் உட்டேன்" என்றார். சொன்னபடி தினமும் கூட்டிப்போய்க் கூட்டிவந்தாய். மற்ற பிள்ளைகள் கீழே விடுதியில் தங்க, நீங்கள் இருவர் மட்டும் மலையடிவாரக் காரவள்ளி வரை வளைந்து வளைந்து இறங்கி, ஏறி வந்தீர்கள்.

பட்டறையின் முதல் விதி கையில் வளையல், கயிறு, மோதிரம் எதுவும் இருக்கக்கூடாது என்பது. அதற்கு அடுத்த விதி, சுழலும் மெஷினுக்குப் பக்கத்தில் கையுறை கூடாது என்பது. நூலைவிடக் கையுறை மோசம். ஒரு இழை மாட்டினாலும் கையையே சேர்த்து இழுத்துக்கொள்ளும். நீ வகுப்புக் கரும்பலகையில் வருடம் முழுக்க அழிக்காமல் வைத்திருக்கும் வரி அது. அவிழ்க்க முடியாத காப்பும் இருக்கக்கூடாத கயிறும் ஒரே கையில் இருந்ததை நீ பஸ்ஸிலேயே பார்த்தாய். என்ன சொன்னாய் என்று பூங்கொடியிடம் கேட்டேன். "காப்பு அவுக்கற வரைக்கும் மெஷின் பக்கம் போவாத, அரம் மட்டும் போடுன்னு டீச்சர் சொன்னாங்கய்யா. நான்தான் போனேன். எல்லாரும் டிரில் போடறாங்க, நான் மட்டும் அரத்தப் புடிச்சுட்டுத் தேச்சுட்டே நிக்கறதுங்களா? பொம்பளப் புள்ளன்னு ஓரங்கட்டி வெச்சிருக்காங்கன்னு பசங்க சிரிக்கறானுங்க" என்றாள்.

பட்டறை மேஸ்திரியையும் பார்த்தேன். வேலையை விட்டு நின்று வீட்டில் இருக்கிறார். சமதளத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் குடும்பம். அவர் வீட்டிலும் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறவர்கள்தான். "கயித்தக் கழட்டிட்டு வா சாமின்னு சொன்னேனுங்க. 'காப்புங்கண்ணா, கழட்டக்கூடாது'ன்னுச்சு. எங்காத்தா காப்பு, அத எப்படிங்க கழட்டச் சொல்றது? வெல்டிங் போடறப்ப நான் போடற கையுறை ஒண்ணு கெடந்துச்சு. இத மாட்டி மூடிக்கன்னு எடுத்து நானே குடுத்தேன். நூலு மாட்டிருமேன்னுதான் நெனச்சேன். அந்த நேரத்துக்குக் கையுறை மாட்டும்னு புத்தி வரலீங்க" என்றார். சுழன்ற டிரில்லில் மாட்டியது அந்தக் கையுறைதான். அவருடைய மனைவி என்னைப் பார்த்து, "போதுங்க, போயிட்டு வாங்க" என்றார்.

இன்னொன்றும் உண்டு. அந்த டிரில்லிங் மெஷினில் இருந்திருக்க வேண்டிய தடுப்பு கழற்றி மூலையில் வைக்கப்பட்டிருந்தது. இது விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடமும் பூங்கொடியின் அப்பாவிடமும் சொன்னது. யார் கழற்றியது, எப்போது கழற்றியது என்பது அவருக்கே இன்னும் தெரியவில்லை. தெரியாததை நான் எழுதப்போவதில்லை.

ஒருத்தி நாள் குறையக்கூடாதென்று ஊரைக் கெஞ்சினாள். ஊர்க்கவுண்டர் மனமிரங்கினார். ஒருவர் சாமிக்குப் பயந்து தன் கையுறையை எடுத்துக் கொடுத்தார். நான் எழுதிய விபத்துச் செய்திகளில் குடித்துவிட்டு ஓட்டியவன் இருப்பான், பிரேக்கைப் பார்க்காத முதலாளி இருப்பான். கோபப்பட ஒரு ஆள் கிடைப்பான். இதில் அந்தத் தடுப்பைக் கழற்றிய, முகம் தெரியாத கையைத் தவிர எனக்குக் கோபப்பட யாரும் கிடைக்கவில்லை. அதனால்தான் இது இவ்வளவு கனக்கிறது.

உன்மேல் தவறே இல்லை என்று நான் எழுதுவேன் என நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். எழுதமாட்டேன். நீ பிள்ளையிடம் சொன்னாய். மேஸ்திரியிடம் சொல்லவில்லை. "இவள் கையில் காப்பு இருக்கிறது, காப்பு அவிழும் வரை மெஷினில் விடாதீர்கள்" என்ற ஒரு பேச்சு வகுப்பிலிருந்து பட்டறைக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு இடத்தில் நடக்கும் படிப்பில் நடுவில் நிற்கிற ஆள் நீதான். அந்தப் பேச்சைக் கொண்டுபோவதுதான் உன் வேலை. காலை பஸ் தாமதம், நீ வாசலில் இறக்கிவிட்டுவிட்டு வேறு பிள்ளைகளைப் பார்க்க அடுத்த பட்டறைக்கு ஓடினாய் என்பது எனக்குத் தெரியும். காரணம் இருக்கிறது. இருந்தாலும் சொல்லவில்லை. தவறின் அளவு அவ்வளவுதான். அதை நான் சிறிதாக்க மாட்டேன், நீ அதைப் பெரிதாக்கி அதற்குள் போய் ஒளிந்துகொள்ளாதே.

உன் அம்மா டியூட்டிக்குப் போனதும் கண்ணாடி வளையல்களைக் கழற்றி, டிரஸ்ஸிங் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் மாட்டுவாள். நீ சின்னவளாக இருந்தபோது அங்கே போய் அந்த வளையல்களை ஆட்டிச் சத்தம் கேட்டு நின்றுகொண்டிருப்பாய். ஒரு முறை அவள் கட்டுப் போட்ட ஒரு விவசாயியின் கால் சீழ் பிடித்துவிட்டது. அவள் செய்த கட்டில் பிழையா, அவர் சேற்றில் இறங்கியதா என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை வளையலை ஆணியில் மாட்டிவிட்டு அதே காலுக்கு மறுபடி கட்டுப் போடப் போனாள். "வேற ஆள அனுப்பட்டுமா?" என்று டாக்டர் கேட்டாராம். "அந்தக் கால் எனக்குத் தெரியும் சார்" என்றாளாம். இப்போது அவள் இருந்திருந்தால் உனக்குப் போன் செய்திருக்க மாட்டாள். ஓசூருக்கு பஸ் ஏறியிருப்பாள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் மடக்கி உட்கார எனக்கு முழங்கால் இடம்கொடுக்கவில்லை. தவிர, எனக்கு எழுதத்தான் தெரியும்.

வார்டில் பூங்கொடி எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கமாட்டாய்; கேட்கப் பயம். நானே சொல்கிறேன். பகலெல்லாம் பேசுகிறாள். டாக்டர் போன பிறகு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். மகளுக்காக எல்லை தாண்டி வந்து தங்கியிருக்கும் அவளுடைய அம்மாவின் மணிக்கட்டில் காப்பு அப்படியே இருக்கிறது. நிறம் போய் அழுக்கேறியிருக்கிறது. "மொளகு பறிக்கறதுக்கு எட்டு வெரலு போதுமான்னு எண்ணிட்டுப் படுத்திருக்காளாக்கும்" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னாள், அழுகையை அடக்கிக்கொண்டு. திரும்பிப் படுத்தபடியே மகள் சொன்னாள்: "நான் மொளகு பறிக்க வரலம்மா. பரீட்சைக்கு எடங்கையில டிரில் போடப் போறேன்."

"எடங்கையில சோறே திங்க வரல உனக்கு."

"சோறு நீ ஊட்டறயே, எதுக்குப் பழகோணும்? டிரில்ல யாரு ஊட்டுவா?"

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் என்னைக் கேட்டாள், "டீச்சருக்கு எம்மேல கோவமுங்களாய்யா? மெஷின் பக்கம் போவாதன்னு சொன்னதக் கேக்கலன்னு?" கோபமில்லை என்று உன் சார்பில் நான் சொல்லியிருக்கலாம். உன்னிடம் கேட்காமல் நான் எப்படிச் சொல்வது? தெரியவில்லையம்மா என்றேன். அவள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்து நின்றேன். நீ அங்கே ஓசூரில் கதவைச் சாத்திக்கொண்டு உன்னைத் தண்டித்துக்கொள்கிறாய். தண்டனை இங்கே இவள்மேல் விழுந்துகொண்டிருக்கிறது.

உன் தலைமையாசிரியரிடமும் பேசினேன். நீ கொடுத்த ராஜினாமாவை அவர் மேலே அனுப்பவில்லை. "லீவுன்னு போட்டு வெச்சிருக்கேனுங்க. அந்தப் புள்ளைக்கு ரெண்டு வருசமா கைவேலை பார்த்து மார்க் போட்டது அவங்க. கடைசி மார்க்கை வேற யாரு வந்து போடறதுங்க, கையே பார்க்காம?" என்றார். பூங்கொடி இடது கையால் செய்முறைத் தேர்வு செய்ய அனுமதி, கூடுதல் நேரம், இரும்பை வைஸ் இடுக்கியில் இறுக்கித் தர ஒரு துணையாள் என்று கேட்டுத் தேர்வுத் துறைக்கு எழுதியிருக்கிறார். எழுத்துத் தேர்வுக்குச் சொல்லச் சொல்ல எழுத ஆள் தருவது வழக்கத்தில் உண்டு. துளை போடும் தேர்வுக்கு இப்படி யாரும் கேட்டதாக அவருக்குத் தெரியவில்லை.

நேற்று அந்த ஊருக்குப் போனது ஊர்க்கவுண்டர் உன்னைத் திட்டுவார், கேட்டுக்கொள்ளலாம் என்றுதான். வாசலூர்பட்டி தாண்டி ஜீப்பில் போனேன். நோம்பி முடிந்திருக்க வேண்டிய நாள் எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் எதிரே வந்தவர்கள் கையிலெல்லாம் காப்பு இருந்தது. கீழே கூலிக்குப் போகிறவர்கள் போகாமல் இருந்தார்கள். ஒரு இளவட்டம் என்னிடம், "எப்பங்கய்யா அந்தப் புள்ளைய அனுப்புவாங்க? எனக்குத் திருப்பூர்ல வேல போயிரும் போல" என்றான். எனக்குப் புரியவில்லை. ஊர்க்கவுண்டர் சொன்னார்: "அது காப்ப ஆஸ்பத்திரில கத்திரிச்சுப் போட்டுட்டாங்கன்னாங்க. நாங்க மட்டும் மஞ்சத்தண்ணி ஊத்திட்டு அவுத்துட்டா, அந்தப் புள்ளைக்கு நோம்பி முடியாமயே நின்னுருமுங்க. அது வரட்டும். வந்து ஒரு நூலக் கட்டி, எல்லாருங்கூட நின்னு அவுக்கட்டும்."

அவள் வந்ததும் முடித்துவிடுவீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எப்படிங்க முடியும்? எல்லையத் தாண்டி ஆளக் கேட்டுக் கூட்டிட்டுப் போனவங்க கொண்டாந்து உடோணுமுங்க. அதான எங்கூர்ல மொற. கூட்டிட்டுப் போனது டீச்சரு. ஆஸ்பத்திரிக்காரங்களா கொண்டாந்து உடறது?"

அவர் குரலில் கோபம் இருந்ததா என்று கவனித்தேன். இருந்தது. ஆனால் அது விரலுக்கான கோபமல்ல, வரவேண்டியவள் வராததற்கு. "உங்க மக ஊட்ல இல்லீங்களா?" என்றார். ஓசூரில் இருக்கிறாள் என்றேன். "போன் இருக்குமில்ல அங்க?" என்றார்.

தெரிந்ததெல்லாம் எழுதிவிட்டேன். தெரியாமல் நிற்பவை: தடுப்பைப் பற்றிய விசாரணை அறிக்கை, அதற்கு நாள் சொல்லவில்லை. இடது கைக்கான அனுமதி, செய்முறைத் தேர்வு தொடங்குமுன் பங்குனி முதல் வாரத்துக்குள் பதில் வரும் என்று தலைமையாசிரியர் எதிர்பார்க்கிறார். பூங்கொடியை வருகிற வெள்ளிக்கிழமை காலை அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ஊரில் பேச்சு, முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமை காலை சேலத்தில் அவளைக் கூட்டிப்போக யார் வருகிறார்கள் என்று அவளுடைய அம்மா என்னைக் கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.

அப்பா